ஓட்டு இல்லாத வீட்டுக் கதவு

(சோமனூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த நமது தகவல் தொழில்நுட்ப அணி – பூத் கமிட்டி கலந்தாய்வுக் கூட்டத்தில் அணித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். ரீல்ஸுக்குள் சுருக்க முடியாத விஷயம் என்பதால் முழுவதையும் பதிவிடுகிறோம். பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



எனக்குக் குடுத்த தலைப்பு "சமூக வலைதளத்தில் நமது பணிகள்". அதைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னு பொறுப்பாளர்கிட்ட அனுமதி கேட்டேன். குடுத்தார். இன்னிக்கு வேற ஒண்ணு பேசணும். ஆறு மாசமா மனசுல கெடந்து அறுக்குற விஷயம்.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க நாம வீடு வீடாப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு வந்த பாகத்துல ஒரு லைன் வீடு இருக்குது. தறி குடோனுக்குப் பின்னாடி, ஒரே ஓட்டுச் சாய்ப்புல ஆறு வீடு. மொத மூணு வீட்டுல நம்ம ஊர்க்காரங்க. பேரு பார்த்தோம், திருத்தம் எழுதினோம். நாலாவது கதவுகிட்டப் போனப்ப கூட வந்த அண்ணன் சொன்னார்: "அது ஒடிசாக்காரங்க கண்ணு, ஓட்டு இல்ல, விடு." விட்டுட்டு அஞ்சாவது கதவைத் தட்டினோம். நான் அப்படி அந்தத் தெருவுக்கு மொத்தம் மூணு தடவை போயிருக்கேன். மூணு தடவையும் நாலாவது கதவைத் தாண்டித்தான் போனேன்.

அந்தக் கதவுக்குள்ள ஒரு பொண்ணு மாசமா இருந்துச்சு. இருபது வயசு இருக்கலாம். வீட்டுக்காரர் பக்கத்துத் தறியில ரெண்டு ஷிஃப்ட். பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடந்துச்சு. குழந்தை ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாங்க. ஏழாம் நாள் அந்தக் குழந்தை இல்லீங்க.

என்ன ஆச்சுன்னு பொறவு மெல்ல மெல்லத் தெரிஞ்சது. அஞ்சாம் நாள்ல இருந்து குழந்தை சரியாப் பால் குடிக்கல. தூங்கிட்டே இருந்துச்சு. கை கால் சில்லுன்னு இருந்துச்சு. அழுகாத குழந்தை சமத்துக் குழந்தைன்னு அந்தப் பொண்ணு நெனைச்சிருக்குது. கேக்கறதுக்குப் பக்கத்துல அம்மா இல்ல, அக்கா இல்ல. அடுத்த வீட்டு அக்காகிட்டக் கேக்கப் பாஷை இல்ல.

துக்கம் விசாரிக்கப் போனப்பத்தான் அந்த வீட்டுக்குள்ள மொத தடவையா நான் கால் வெச்சேன். ஆஸ்பத்திரியில குடுத்த காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வெச்சிருந்தாங்க. அவர் அதை என்கிட்ட நீட்டினார். படிச்சேன். "குழந்தை பால் குடிக்கவில்லை என்றால், உடல் சில்லென்று இருந்தால், வேகமாக மூச்சு வாங்கினால் உடனே அழைத்து வரவும்." எல்லாமே அதுல எழுதியிருந்துச்சு. தமிழ்ல.

நான் ஆஸ்பத்திரி மேல குத்தம் சொல்ல வரலை. ஒரே நாள்ல எத்தனை பிரசவம் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு மேலயும் குத்தம் இல்ல. அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிஞ்ச நான், மூணு தடவை அந்தக் கதவைத் தாண்டிப் போனேன். குத்தம்னு ஒண்ணு இருந்தா அதை மொதல்ல என் கணக்குல எழுதிக்கறேன்.

தோழர்களே, இதை வெறும் சோகக் கதையாச் சொல்லிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்ல. நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒண்ணு உடைஞ்சா ஏன் உடைஞ்சதுன்னு பாக்கணும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. பார்த்தேன்.

மொதல்ல நாம பெருமைப்பட வேண்டிய கணக்கைச் சொல்றேன். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி 1971-ல் தமிழ்நாட்டுல பொறந்த 1,000 குழந்தையில 113 குழந்தை மொத பொறந்தநாளைப் பார்க்கல. 2020-ல் அது 13. அதே 2020-ல் இந்தியா முழுசுக்கும் 28. இது ஒரே ராத்திரியில நடந்தது இல்ல. ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், சத்துணவு, தடுப்பூசி, பொண்ணுங்க பள்ளிக்கூடம் போனதுன்னு அம்பது வருஷ உழைப்பு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குது. வீட்டுப் பிரசவத்தை ஒழிச்ச மாநிலம் நம்மது.

அப்ப மிச்சம் இருக்கற சாவு எங்க நடக்குது? அதே ஆய்வுலயே விடை இருக்குது. ஒரு வயசுக்குள்ள இறக்கற மூணு குழந்தையில ரெண்டு, மொத 28 நாளுக்குள்ளயே போயிடுது. அந்த 28 நாள்ல பெரும்பகுதி குழந்தை இருக்கறது வீட்டுல. டாக்டர் கையில இல்ல, அம்மா கையில. கட்டடம் கட்டி, கருவி வாங்கி, ஆம்புலன்ஸ் விட்டு செயிக்க வேண்டியதைப் பெரும்பாலும் செயிச்சுட்டோம். இனி சண்டை அந்த ஒரு மாசத்துல. அங்க ஆயுதம் ரெண்டுதான். அம்மாவுக்கு என்ன தெரியும்கறது ஒண்ணு. அம்மா கேட்டா பதில் சொல்ல யார் இருக்காங்கங்கறது இன்னொண்ணு. படிப்பும் பொறந்த ஊரும் உள்ள வர்றது இங்கதான்.

படிப்பை மொதல்ல எடுத்துக்கலாம். பத்து வருஷமாவது பள்ளிக்கூடம் போன பொண்ணுங்க பீகார்ல 100-க்கு 28.8. அங்க பொறக்கற 1,000 குழந்தையில மொத மாசத்துலயே இறக்கறது 34.5. இந்தியா முழுசுக்கும் படிச்ச பொண்ணுங்க 41, இறக்கற குழந்தை 24.9. தமிழ்நாட்டுல படிச்சவங்க 56.6, இறப்பு 12.7. பக்கத்துல வாளையார் தாண்டினா கேரளா. படிச்சவங்க 77, இறப்பு 3.4. படிப்பு ஏற ஏறச் சாவு எறங்குது. எல்லாமே அதே 2019-21 ஆய்வுதான்.

"அது படிப்பால இல்லப்பா, படிச்ச ஊர்ல ஆஸ்பத்திரியும் நல்லா இருக்கும், அதனால"ன்னு யாராச்சும் சொல்லலாம். நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியை அம்பது வருஷம் முன்னாடியே ஒருத்தர் கேட்டிருக்கார். பேரு கால்டுவெல். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதின நம்ம கால்டுவெல் இல்லீங்க. இவர் ஆஸ்திரேலியாக்காரர், ஜான் கால்டுவெல், மக்கள்தொகை ஆய்வாளர். ஒருபுலோயேங்கற நைஜீரிய ஆய்வாளரோட சேர்ந்து நைஜீரியாவுல ரெண்டு ஊரை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஊர். ஒண்ணுல ஆஸ்பத்திரி இருக்குது, இன்னொண்ணுல இல்ல. ரெண்டு ஊர்லயும் படிச்ச அம்மாக்களும் இருந்தாங்க, படிக்காத அம்மாக்களும் இருந்தாங்க.

ஆஸ்பத்திரியும் இல்லாம படிப்பும் இல்லாத அம்மாவோட குழந்தையை அடிப்படையா வெச்சுக்கிட்டாங்க. படிக்காத அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மட்டும் கிடைச்சா குழந்தையோட சராசரி ஆயுள் 20 சதவீதம் கூடுது. ஆஸ்பத்திரி இல்லாம அம்மாவுக்குப் படிப்பு மட்டும் இருந்தா 33 சதவீதம். ரெண்டும் இருந்தா? கூட்டிப் பாருங்க, 53 வரணும். வந்தது 87.

நான் முதல் தடவை படிச்சப்ப இந்தக் கணக்குலயே நின்னுட்டேன். ஆஸ்பத்திரியும் படிப்பும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா வெறும் கூட்டல் இல்ல. நம்ம ஊர் பாஷையில சொன்னா, பாவு மட்டும் இருந்தாலும் துணி இல்ல, ஊடை மட்டும் இருந்தாலும் துணி இல்ல. ரெண்டும் தறியில சேரணும்.

சரி, பள்ளிக்கூடம் அப்படி என்னதான் பண்ணுது? பத்தாங்கிளாஸ் அறிவியல் புத்தகத்துல பச்சக் குழந்தை வளர்ப்பு பாடமா இருக்குது? இல்ல. எங்க வீட்டுக் கதையைச் சொன்னா புரியும்.

எங்க அம்மிச்சி பள்ளிக்கூட வாசல்ல கூட நின்னதில்ல. அஞ்சு பெத்து மூணை வளர்த்தவங்க. போன ரெண்டைப் பத்திக் கேட்டா "சாமி எடுத்துக்கிச்சு" அப்படிங்கறதுக்கு மேல பேச மாட்டாங்க. எங்க அம்மா எட்டாவது. அதுக்கப்புறம் மில்லு. ஆனா அந்த எட்டாவதே போதும், தடுப்பூசி அட்டையைப் படிச்சு எந்தத் தேதிக்குப் போகணும்னு காலண்டர்ல சுழிச்சு வெப்பாங்க. எங்க அக்கா பி.காம். அக்காவுக்குக் குழந்தை பொறந்தப்ப அம்மிச்சி சக்கரைத் தண்ணியைச் சங்குல எடுத்துட்டு வந்துட்டாங்க. அக்கா விடலை. "தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க அம்மிச்சி. ஏன்னு கேட்டேன், வயித்துக்கு ஆகாதுன்னாங்க." அம்மிச்சிக்குக் கோவம். ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் அவங்களே தொட்டில் கட்டினாங்க.

கவனிச்சீங்களா? அக்கா பண்ணது மூணே காரியம். நர்ஸம்மாகிட்ட ஏன்னு கேட்டுச்சு. பதிலை ஞாபகம் வெச்சுச்சு. வீட்டுப் பெரியவங்க முன்னாடி அதைச் சொல்லி நின்னுச்சு. பள்ளிக்கூடம் குடுத்தது இந்தத் தைரியத்தை. அதோட இன்னொண்ணு, படிப்பு கல்யாணத்தைத் தள்ளிப் போடுது. பதினேழு வயசு உடம்பு தானே வளர்ந்துட்டு இருக்குது, அது வயித்துல இன்னொரு உசிரை வளர்த்தா எடை குறையத்தான் செய்யும். பதினெட்டுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்க பீகார்ல 100-க்கு 40-க்கு மேல, தமிழ்நாட்டுல 12.8. பெருமைதான். ஆனா அந்த 12.8 நம்ம ஊருக்குள்ளயும் இருக்குதுங்க. பத்தாவது முடிச்ச பொண்ணை ஒரு கூலிப் பிரச்சனை வந்த மாசத்துல மில்லுக்கு அனுப்பறதும், அடுத்த வருஷம் மாப்பிள்ளை பாக்கறதும் நமக்குத் தெரியாதா?

அதனாலதான் பொண்ணுங்க படிப்புக்கும் பிரசவத்துக்கும் குடுக்கற காசை யாராச்சும் "இலவசம்"னு கேலி பண்ணினா எனக்குச் சுருக்குன்னு இருக்கும். 1989-ல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்துல, பொண்ணு எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை வெச்சாங்க. கல்யாணத்துக்குக் குடுக்கற காசு, ஆனா அதை வாங்கப் பள்ளிக்கூடம் அனுப்பியாகணும். எவ்வளவு யோசிச்சு வெச்ச நிபந்தனை! 2022-ல் அது புதுமைப் பெண் திட்டமா மாறி, அரசுப் பள்ளியில படிச்சுக் கல்லூரி போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் ஆச்சு. மகப்பேறு உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரு வெச்சிருக்குது. சென்னை மருத்துவக் கல்லூரியில 1912-ல் பட்டம் வாங்கி, 1927-ல் சட்ட மேலவைக்குள்ள போன அம்மையார். டாக்டரும் அவங்கதான், சட்டம் போடப் போராடினவங்களும் அவங்கதான். பொண்ணுங்க படிப்பும் குழந்தை உசிரும் ஒண்ணோட ஒண்ணு பின்னினதுன்னு காட்ட அந்த ஒரு பேரே போதும். இன்னிக்கு அந்தத் திட்டத்துல 18,000 ரூபாய், 14,000 காசாகவும் 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருது.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியாகணும். "அம்மா படிச்சா குழந்தை பொழைக்கும்"னு சொன்னா, உடனே "குழந்தை செத்தா அம்மாவோட அறியாமை"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். கமெண்ட்ல பாக்கறமே. அது பொய். 1998-ல் சொனால்டே தேசாய், சௌம்யா ஆல்வான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 22 நாட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. அப்பாவோட படிப்பு, வீட்டுல குழாய்த் தண்ணி, கழிப்பறை, குடும்பம் இருக்கற பகுதி, இதையெல்லாம் கணக்குல சேர்த்ததும், குழந்தை இறப்புல அம்மா படிப்போட பங்கு பெருசாக் குறைஞ்சு போச்சு. தடுப்பூசி போடறதுல மட்டும் அம்மா படிப்பு அப்பவும் அழுத்தமா நின்னுச்சு. அர்த்தம் என்ன? படிப்பு பெரிய விஷயம்தான், ஆனா அந்த அம்மா எந்த இடத்துல நிக்கறாங்கங்கறதும் அதே அளவு பெரிய விஷயம். ஒத்தை ரூம் லைன் வீட்டுல ஆறு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறைன்னா, எம்.ஏ. படிச்ச அம்மாவும் என்ன பண்ணுவாங்க?

இப்பப் பொறந்த ஊருக்கு வர்றேன்.

நம்ம சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம், அப்படியே திருப்பூர் வரைக்கும், தறியும் மில்லும் பனியன் கம்பெனியும் இன்னிக்கு யார் கையால ஓடுது? ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மேற்கு வங்கம். மொதல்ல பசங்க மட்டும் வந்தாங்க. இப்பக் குடும்பமா வர்றாங்க. நம்ம ஊர்ல அவங்க குழந்தைகளும் பொறக்குது. அந்தக் குழந்தை எடை கம்மியாப் பொறந்தா நம்மாளுக சாதாரணமா ஒரு வார்த்தை சொல்றாங்க. "அவங்க உடம்புவாகே அப்படித்தான்."

இந்த வார்த்தையைத்தான் நான் இன்னிக்கு உடைக்கணும்னு வந்தேன். அமெரிக்காவுலயும் கறுப்பினத்துக் குழந்தைகளைப் பத்தி இதே பேச்சுதான் இருந்துச்சு. எடை கம்மியாப் பொறக்குது, அது ரத்தத்துலயே இருக்குதுன்னாங்க. 1997-ல் டேவிட், காலின்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளை எடுத்து, அம்மா எங்க பொறந்தவங்கன்னு பிரிச்சுப் பார்த்தாங்க. அமெரிக்காவுல பொறந்த வெள்ளைக்கார அம்மாக்களோட குழந்தை சராசரி 3,446 கிராம். அமெரிக்காவுலயே பொறந்து வளர்ந்த கறுப்பின அம்மாக்களோட குழந்தை 3,089 கிராம். ஆப்பிரிக்காவுல பொறந்து அமெரிக்கா வந்த கறுப்பின அம்மாக்களோட குழந்தை? 3,333 கிராம். ரத்தம்தான் காரணம்னா ஆப்பிரிக்காவுல இருந்து நேரா வந்தவங்க குழந்தைதானே ரொம்ப எடை கம்மியா இருக்கணும்? நேர் எதிரா இருக்குது. அப்ப எடையைக் குறைச்சது ரத்தம் இல்ல. அவங்க பொறந்து வளர்ந்த சமூகம் அவங்களை நடத்தின விதம்.

அதை அப்படியே இங்க வெச்சுப் பாருங்க. ஒடிசாவுல கர்ப்பிணிகள்ல 100-க்கு 61.8 பேருக்கு ரத்தசோகை. பீகார்ல 63.1. நம்ம தமிழ்நாடு ஒண்ணும் உசத்தி இல்ல, 48.3. ஒரு பொண்ணு ரயில் ஏறி நம்ம ஊர் வரும்போது அந்த ரத்தசோகையும் கூடவே வருது. பாதியில நின்ன படிப்பும் கூடவே வருது. ஆனா ஊர்ல இருந்த ஒண்ணு மட்டும் வராது. தாய்வீடு.

நம்ம வழக்கத்தை யோசிச்சுப் பாருங்க. மொத குழந்தைன்னா கட்டுச்சோத்து விருந்து போட்டு, வளையல் அடுக்கி, பொண்ணைப் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம். ஏன்? அங்க கேள்வி கேட்டா வெக்கம் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு "அம்மா, குழந்தை பால் குடிக்க மாட்டேங்குது, தொட்டுப் பாரேன்"னு எழுப்பலாம். பள்ளிக்கூடம் போகாத எங்க அம்மிச்சிக்கே சில்லுன்னு இருக்கற குழந்தையைக் கையில வாங்கினதும் "இது சரியில்ல, தூக்கு ஆஸ்பத்திரிக்கு"ன்னு சொல்லத் தெரியும். அந்த நாலாவது கதவுக்குள்ள இருந்த பொண்ணுக்கு அந்த ஒரு அம்மிச்சி இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். நைஜீரியாக் கணக்கு ஞாபகம் இருக்குதா? ஆஸ்பத்திரி இருந்துச்சு, காகிதம் இருந்துச்சு. அதைச் சேர்க்கற இன்னொரு கை இல்ல. நம்ம ஊர்ல வந்து பெத்தும் அந்தப் பொண்ணுக்குக் கிடைச்சது 20, 87 இல்ல.

"அவங்க வந்தவங்க, நாம ஏன்?"னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில். நம்ம சனமும் ஒரு காலத்துல போன சனம்தான். திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துல இருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாங்க. அங்க லயத்து வீடுன்னு பேரு, நம்ம லைன் வீடு மாதிரியே ஒத்தை அறை வரிசை. இலங்கை தாய் சேய் நலத்துல உலகமே பாராட்டின நாடு. அப்பேர்ப்பட்ட நாட்டுல நீண்ட காலம் சிசு மரணம் அதிகமா இருந்தது எங்க தெரியுமா? நம்ம தமிழ்த் தாய்மார் இருந்த தோட்டங்கள்ல. ஓட்டுரிமையையும் 1948-ல் தொடங்கிப் பறிச்சாங்க. ஓட்டு இல்லாத வீட்டுக் கதவை எவனும் தட்ட மாட்டான்கறதை நம்ம இனம் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அதே தப்பை இன்னிக்கு நாம பண்ணலாமா?

சரி, என்ன பண்ணலாம்? பெருசா ஒண்ணும் இல்ல. நம்மால முடிஞ்சது மட்டும்.

ஒண்ணு. இனி வீடு வீடாப் போகும்போது ஓட்டு இல்லாத கதவையும் தட்டணும். மாசமா இருக்கற பொண்ணு இருந்தா, 12 வாரத்துக்குள்ள கிராம சுகாதார செவிலியர்கிட்டப் பதிவு பண்ணச் சொல்லணும். பதிவு பண்ணினா வர்ற எண்தான் பிக்மி எண். அது இல்லாம பொறவு குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கும் அலையணும்.

ரெண்டு. கூடப் போறவங்கள்ல கட்டாயம் ஒரு அக்கா இருக்கணும். நாலு பசங்க போயி நின்னா எந்தப் பொண்ணும் பேசாது.

மூணு. இதை ஐ.டி. விங் ஆளாச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க. யார் மாசமா இருக்காங்கன்னு எக்செல் ஷீட் போடக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்ல பேரு போடக் கூடாது. குழந்தையோட போட்டோ எடுத்துப் பதிவு போடவே கூடாது. அது அவங்க உடம்பு, அவங்க வீடு. நம்ம வேலை செவிலியர் நம்பரை அவங்ககிட்டயும், தகவலை அவங்க சம்மதத்தோட செவிலியர்கிட்டயும் சேர்க்கறதோட முடிஞ்சது.

நாலு. பச்சக் குழந்தைக்கு ஆபத்துன்னு காட்டற அறிகுறிகளை ஒடியா, இந்தி, வங்காளத்துல நாமளே ஆடியோவாப் பேசி வைக்கலாம். இங்கயே அந்த பாஷை பேசற பசங்க நமக்கு நண்பர்களா இருக்காங்க. டாக்டர் ஒருத்தர்கிட்டக் காட்டிச் சரிபார்த்துட்டு அனுப்பணும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், வேற எதுவும் வேண்டாம். எடை கம்மியான குழந்தையை அம்மா நெஞ்சோட, தோலோட தோலா ஒட்டி வெச்சுச் சூடு காக்கணும். தொப்புள்ல எதுவும் தடவக் கூடாது. குழந்தை பால் குடிக்காம இருந்தா, சில்லுன்னோ கொதிப்பாவோ இருந்தா, மூச்சு வேகமா வாங்கினா, உடம்பு மஞ்சளானா, வெட்டு வந்தா, அசைவே குறைஞ்சா, விடியட்டும்னு காத்திருக்காம 108-ஐக் கூப்பிடணும். சந்தேகம் கேக்க 104.

அஞ்சு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல இ.எஸ்.ஐ. இருக்கணும். பெண் தொழிலாளிக்கு மொத ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு சட்டம் குடுத்த உரிமை. பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதே நேரம் நாலு தறி, எட்டுத் தறி ஓட்டற நம்ம கூலி நெசவாளர் குடும்பத்துக்கு இது எதுவும் எட்டாது. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தற மாசத்துல, வீட்டுல மொதல்ல நிக்கறது மாசமா இருக்கற பொண்ணோட முட்டையும் பாலும்தான். அவங்களையும் சேர்த்துத்தான் பேசறேன்.

கடைசியா, மேடையில இருக்கற மூத்தவங்ககிட்ட மூணு கோரிக்கை. தீர்மானமாப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பணும்னு பணிவோட கேட்டுக்கறேன். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குடுக்கற அறிவுரைத் தாளை ஒடியா, இந்தி, வங்காளம், அஸ்ஸாமி மொழிகள்ல, படம் போட்டுக் குடுக்கணும். பிரசவம் அதிகம் நடக்கற ஆஸ்பத்திரிகள்ல அந்த பாஷை தெரிஞ்ச ஒருத்தராவது பிரசவ வார்டுல இருக்கணும். எடை கம்மியாப் பொறந்து வீட்டுக்குப் போற குழந்தையை, அம்மா எந்த மாநிலத்துல பொறந்திருந்தாலும், மொத வாரத்துக்குள்ள ஒருத்தர் வீட்டுக்கே போயிப் பார்த்தே ஆகணும். நம்ம மொழிக்காகப் போராடின மாநிலம் இது. தாய்மொழியில கேட்டாத்தான் மனசுல ஏறும்னு உலகத்துக்குச் சொன்னவங்க நாம. இதை நாம கேக்காம வேற யார் கேப்பாங்க?

அந்த ஒடிசாக் குடும்பம் இப்ப இங்க இல்ல. அடுத்த மாசமே கணக்கு முடிச்சு ஊருக்குப் போயிட்டாங்க. அந்தக் காகிதக் கவரை மட்டும் வீட்டுலயே விட்டுட்டுப் போயிருந்தாங்க. லைன் வீட்டுக்காரம்மா என்கிட்டக் குடுத்தாங்க. இப்ப என் டேபிள்ல இருக்குது.

போன ஞாயித்துக்கிழமை அதே நாலாவது கதவை நானும் எங்க அக்காவும் தட்டினோம். ஜார்க்கண்ட்காரங்க குடி வந்திருக்காங்க. ஒரு பொண்ணு பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச்சு. அக்கா தன் குழந்தையை இடுப்புல வெச்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு எங்களை விட்டுட்டு அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரிச்சுச்சு. பொறவு தன் வயித்தைத் தொட்டு, நாலு விரலைக் காட்டுச்சு. நாலு மாசம். திங்கக்கிழமை நர்ஸம்மா போயிப் பதிவு பண்ணிட்டாங்க.

இன்னும் அஞ்சு மாசம் இருக்குது தோழர்களே. அந்த வீட்டுல ஓட்டு இல்ல. ஆனாலும் அந்தக் கதவு என் பாகத்துலதான் இருக்குது.



(உங்கள் பகுதியில் இதேபோல் வேலை செய்ய விரும்பும் தோழர்கள், ஒடியா, இந்தி, வங்காளம் பேசத் தெரிந்த நண்பர்கள் கமெண்ட்டில் ஊர் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். எந்தத் தாயின் பெயரோ படமோ பகிர வேண்டாம். ஒன்றிய அணியிலிருந்து தொடர்பு கொள்வோம்.)

#சோமனூர் #தாய்சேய்நலம் #எல்லாக்கதவையும்தட்டுவோம்